பாஷெலியேயும் எங்கள் தெருப் பையனும்

பேகம்பூரில் எங்கள் தெருப் பையன், எஞ்சினியரிங் கடைசி வருஷம். "தாத்தா, பங்குச் சந்தைக்குக் கணக்குப் போடற 'குவான்ட்' வேலைக்குப் போகணும். கோடிங் மட்டும் போதுமா?" என்று கேட்டான். அவன் அப்பா கடன் வாங்கிப் படிக்க வைக்கிறார். ஏனோதானோவென்று பதில் சொல்ல மனம் வரவில்லை.

பிரெஞ்சு வழியில் படித்தவனுக்கு லூயி பாஷெலியேதான் நினைவுக்கு வருவார். லெ ஆவ்ர் நகரத்து ஒயின் வியாபாரி மகன். பெற்றோர் இறந்ததும் படிப்பை விட்டுக் குடும்ப வியாபாரத்தைப் பார்த்தார். பிறகு பாரீஸுக்கு வந்து, சந்தை விலையின் ஏற்ற இறக்கத்தை நிகழ்தகவால் அளந்து 1900-இல் ஆய்வேடு கொடுத்தார். தண்ணீரில் துகள்களின் தள்ளாட்டத்துக்கு ஐன்ஸ்டைன் இதேபோன்ற கணக்கை எழுதியது 1905-இல்தான்! ஆய்வேட்டை மதிப்பிட்ட புவான்காரே பாராட்டினார். இருந்தும் உயர்ந்த தரம் கிடைக்கவில்லை. நிரந்தரப் பேராசிரியர் பதவி வந்தபோது வயது 57. (பிரமோஷனுக்குக் காத்துக் கிடந்த நமக்கு இது புரியும்.)

நம் சென்னையில் பிறந்த எஸ்.ஆர்.சீனிவாச வரதன் மாநிலக் கல்லூரியில் படித்தவர். அபூர்வமாக நேரும் நிகழ்ச்சிகளின் வாய்ப்பை அளக்கும் கணிதத்துக்காக 2007-இல் ஆபெல் பரிசு பெற்றார். பெருநஷ்டத்துக்கு அஞ்சும் இன்ஷூரன்ஸ்காரர்களுக்கு அது வேண்டியிருக்கிறது.

"கோடிங் வேணும்தான். ஆனால் முதலில் நிகழ்தகவு, புள்ளியியல்" என்றேன்.

பையன் தலையைச் சொறிந்தான். "அதுலதான் தாத்தா அரியர் வச்சிருக்கேன்."