என்.எச்.எல். பாதுகாப்பு வளையமும் ஊடக அனுமதியும் (2020)

கொரோனா பெருந்தொற்றால் பாதியில் நின்றுபோன 2019–20 பருவத்தை முடிப்பதற்காக, வட அமெரிக்காவின் தேசிய ஹாக்கி லீக் (என்.எச்.எல்.) 24 ஐஸ் ஹாக்கி அணிகளைக் கனடாவின் டொராண்டோ, எட்மன்டன் நகரங்களில் வெளியுலகத் தொடர்பின்றித் தங்க வைத்தது. 2020 ஜூலை 26 முதல் செப்டம்பர் 28 வரை நீடித்த இந்தப் ‘பாதுகாப்பு வளைய’ ஏற்பாட்டில், செய்தியாளர்கள் வீரர்களை நேரில் சந்திக்கும் வழக்கம் அடியோடு நின்றது. கேள்வியும் பதிலும் ஜூம் திரைக்கு மாறின.

முன்பிருந்த வழக்கம்

என்.எச்.எல்.லில் ஆட்டம் முடிந்த சில நிமிடங்களில் டிரெஸ்ஸிங் ரூம் கதவு பத்திரிகையாளர்களுக்குத் திறந்துவிடும். வியர்வை காயாத முகத்தோடு, பாதி கழற்றிய காப்புறைகளோடு வீரர் தன் இடத்தில் உட்கார்ந்திருப்பார். அவரைச் சுற்றி மைக்குகள் நீளும். கூட்டம் கலைந்த பிறகு ஓரமாக நின்று பேசும் இரண்டு நிமிடத்தில்தான் பெரும்பாலும் நல்ல செய்தி கிடைக்கும். யார் முழங்காலில் ஐஸ் பை கட்டியிருக்கிறார், யார் யாரோடும் பேசாமல் கிளம்பிப் போகிறார் என்பதையெல்லாம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை, கண்ணாலேயே பார்த்துவிடலாம்.

இந்த உரிமை சும்மா வந்ததல்ல. 1975 ஜனவரியில் மான்ட்ரியலில் நடந்த ஆல்-ஸ்டார் ஆட்டத்துக்குப் பிறகு, நியூயார்க் டைம்ஸ் செய்தியாளர் ராபின் ஹெர்மனும் வானொலிச் செய்தியாளர் மார்செல் சென் சீரும் வீரர்கள் அறைக்குள் நுழைந்தார்கள். வட அமெரிக்கத் தொழில்முறை ஆண்கள் அணி ஒன்றின் அறைக்குள் பேட்டிக்காகச் சென்ற முதல் பெண்கள் அவர்களே. அதற்குப் பின்னும் பல அரங்குகளில் பெண்கள் வாசலில் நின்று வாதாடித்தான் உள்ளே போக முடிந்தது. இப்படிப் போராடிப் பெற்ற கதவு என்பதால்தான், அது மூடப்பட்டபோது பத்திரிகையாளர்கள் கவலைப்பட்டார்கள்.

கதவு மூடியது

2020 மார்ச் 9 அன்று என்.எச்.எல்., கூடைப்பந்து, பேஸ்பால், கால்பந்து லீகுகளுடன் சேர்ந்து கூட்டறிக்கை வெளியிட்டது: மறுநாள் முதல் வீரர்கள் அறைக்குள் ஊடகத்தினருக்கு அனுமதி இல்லை. மார்ச் 12 அன்று பருவமே நிறுத்தப்பட்டது.

ஆகஸ்ட் 1 அன்று ஆட்டங்கள் மீண்டும் தொடங்கின. தொடக்கச் சுற்றுகளில் கிழக்குப் பிரிவு அணிகள் டொராண்டோவின் ஸ்கோஷியாபேங்க் அரங்கிலும், மேற்குப் பிரிவு அணிகள் எட்மன்டனின் ரோஜர்ஸ் பிளேஸ் அரங்கிலும் ஆடின. அணிக்கு 52 பேர் மட்டுமே வளையத்துக்குள் வரலாம். அந்த 52 பேரில் அணியின் சமூக ஊடகப் பணிக்கென ஒருவருக்கு இடம் இருந்தது. வெளிப் பத்திரிகையாளர் எவருக்கும் இடம் இல்லை. அரங்குக்கு வந்த சில செய்தியாளர்கள் தனிப் பகுதியில் இருந்து ஆட்டத்தைப் பார்க்கலாம், வீரர்கள் புழங்கும் பகுதிக்குள் கால் வைக்கக் கூடாது. ஒரே கட்டடத்துக்குள் இருந்துகொண்டு, கீழே நிற்கும் வீரரிடம் மடிக்கணினி வழியாகக் கேள்வி கேட்டார்கள்.

நோய்த்தடுப்பில் இந்தக் கண்டிப்பு பலன் தந்தது. வளையத்துக்குள் 33,174 பரிசோதனைகள் செய்தும் அணியினரில் ஒருவருக்குக்கூடத் தொற்று இல்லை. கதவை மூடியது சரியான முடிவே.

ஜூம் பேட்டி

வீரர் விளம்பரச் சின்னங்கள் அச்சிட்ட திரையின் முன் வந்து உட்காருவார். செய்தியாளர் கைதூக்கும் பொத்தானை அழுத்திக் காத்திருப்பார். யார் கேட்கலாம் என்பதை அணியின் ஊடகப் பொறுப்பாளர் முடிவு செய்வார். பதில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் போய்விடும் என்பதால், தனக்கென ஒரு செய்தி என்பது யாருக்கும் மிஞ்சவில்லை. துணைக்கேள்வி கேட்பதற்குள் ஒலி துண்டிக்கப்பட்டால் வீரரின் தயக்கம் தயக்கமாகவே நின்றுவிடும்.

ஒரு நன்மையும் இருந்தது. விமானச் செலவும் விடுதிச் செலவும் தாங்க முடியாத சிறு பத்திரிகைகளின் செய்தியாளர்கள், வீட்டிலிருந்தபடியே பிளே-ஆஃப் (கோப்பைக்கான வெளியேற்றச் சுற்று) வீரர்களிடம் கேள்வி கேட்க முடிந்தது.

‘ஆடும் நிலையில் இல்லை’

வழக்கமாக ‘மேலுடம்புக் காயம்’, ‘கீழுடம்புக் காயம்’ என்றாவது சொல்லும் அணிகள், இம்முறை அதையும் சொல்லக் கூடாது என்று லீகும் வீரர் சங்கமும் முடிவு செய்தன. ஆடாதவர் எவராயினும் ‘ஆடும் நிலையில் இல்லை’ என்ற ஒரே வாசகம்தான். சாதாரணக் காயத்தை மட்டும் வெளியே சொன்னால், காரணம் சொல்லப்படாதவருக்குக் கொரோனா என்று ஊர் முடிவுகட்டிவிடும். அதனால் எல்லோருக்கும் ஒரே போர்வை. ஆட்டங்கள் தொடங்கும் முன்பே, ஜூன் 19 அன்று, பரிசோதிக்கப்பட்ட 200-க்கும் அதிகமான வீரர்களில் 11 பேருக்குத் தொற்று என லீக் பெயர் சொல்லாமல் அறிவித்தது. டொராண்டோ அணியின் ஆஸ்டன் மேத்யூஸுக்குத் தொற்று என்று அதே நாளில் ஒரு நாளிதழ் எழுத, ஒருவரின் மருத்துவ விவரத்தை அச்சிடலாமா என்ற சர்ச்சை கிளம்பியது. மேத்யூஸ் பின்னர் அதைத் தாமே உறுதிப்படுத்தினார்.

நோயாளியின் அந்தரங்கம் காக்கப்பட வேண்டியதே. ஆனால் முழங்கால் சுளுக்கையும் அதே போர்வைக்குள் மூடியபோது, அணி சொல்வதைச் சரிபார்க்க வேறு வழியே இல்லாமல் போனது. டாம்பா பே அணித்தலைவர் ஸ்டீவன் ஸ்டாம்கோஸ் இறுதிப்போட்டி வரை ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை. எப்போது திரும்புவார் என்பது வெளியே யாருக்கும் தெரியாது. செப்டம்பர் 23 அன்று மூன்றாவது ஆட்டத்தில் களமிறங்கி, 2 நிமிடம் 47 நொடி மட்டுமே ஆடி, ஒரு கோல் அடித்தார். பிறகு அந்தத் தொடரில் ஆடவே இல்லை.

பாஸ்டன் கோல்கீப்பர் டூக்கா ராஸ்க் விஷயம் இன்னும் வருத்தமானது. ரசிகர்கள் இல்லாத ஆட்டம் பிளே-ஆஃப் போலவே இல்லை என்று காணொளிப் பேட்டியில் சொன்னவர், ஆகஸ்ட் 15 அன்று வளையத்தை விட்டு வெளியேறினார். அணியைக் கைவிட்டதாக அவரைத் திட்டியவர்கள் பலர். குடும்பத்தில் நேர்ந்த அவசரமே காரணம் என்பது பின்னர்தான் தெரிந்தது. அவரைப் பல ஆண்டுகளாக அறிந்த செய்தியாளர்கள் நேரில் முகம் பார்த்துப் பேசியிருந்தால், அந்த வசவில் பாதி எழுந்திருக்காது என்றே தோன்றுகிறது.

ஒளிபரப்பு

வர்ணனையாளர்களுக்கும் தூரம்தான். அமெரிக்க ஒளிபரப்பின் முதன்மைக் குரலான மைக் எம்ரிக், 74 வயதில், மிச்சிகன் மாநிலத்திலுள்ள தன் வீட்டிலிருந்தே இறுதிப்போட்டியை வர்ணித்தார். காலி இருக்கைகளைத் துணி மூடியிருந்தது. ரசிகர் ஆரவாரம் ஈ.ஏ. ஸ்போர்ட்ஸ் வீடியோ கேமின் ஒலிப்பதிவிலிருந்து வந்தது. தொடர் முடிந்த அடுத்த மாதமே எம்ரிக் ஓய்வு பெற்றார்.

பின்னர்

செப்டம்பர் 28 அன்று டாலஸ் அணியை ஆறாவது ஆட்டத்தில் வென்று டாம்பா பே சாம்பியனுக்கான ஸ்டான்லி கோப்பையைக் கைப்பற்றியது. ஸ்டாம்கோஸ் கோப்பையைத் தலைக்குமேல் தூக்கியதைப் பத்திரிகையாளர்கள் தொலைவிலிருந்தே பார்த்தார்கள். 2021 ஜனவரி 13 அன்று தொடங்கிய அடுத்த பருவத்தில் அணிகள் தத்தம் ஊர்களுக்குத் திரும்பிவிட்டன. செய்தியாளர்கள் மட்டும் இன்னமும் ஜூமில் கைதூக்கிக் காத்திருந்தார்கள்.