காகிதமும் கானகமும்

அல்சூர் ஏரிக்கரையில் ஆண்டுதோறும் கூடி மலர் வெளியிடும் நாம், அம்மலருக்குரிய காகிதத்தின் வரலாற்றையும் அறிதல் நன்று.

கன்னட நாட்டில் 1936-இல் பத்திராவதியிலும், 1955-இல் தாண்டேலியிலும் காகித ஆலைகள் நிறுவப்பெற்றன. தாண்டேலி ஆலைக்கு உணவாயிற்று மழைவளம் மிக்க மேற்குத் தொடர்ச்சி மலையின் மூங்கில். அரசு அதற்குப் பெற்ற விலையோ டன்னுக்கு ஒன்றரை ரூபாய்! அள்ள அள்ளக் குறையாது என்றே எண்ணினர் போலும். ஆனால் மூங்கில் அருகியது. கூடை முடைந்து வாழ்ந்த ஏழை மக்கள் அரசிடம் முறையிட்டனர்.

1975-இல், பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தைச் சார்ந்த மாதவ் காட்கில் இதனை ஆராயப் புகுந்தார். புதரின் அடியில் அடர்ந்திருக்கும் முட்களை அகற்றினால் மூங்கில் செழிக்கும் என்பது வனத்துறையினர் கொள்கை. கிராம மக்கள் கூறியதோ வேறு: முள்ளே இளங்குருத்துக்கு வேலி, வேலி போனபின் மாடும் குரங்கும் முள்ளம்பன்றியும் குருத்தைத் தின்றுவிடுகின்றன. ஆய்வின் முடிவில் மெய்யென விளங்கியது அம்மக்களின் சொல்லே.

ஆலைகளுக்குச் சலுகை விலையில் வனப்பொருள் வழங்குதல் ஒழிய வேண்டும் என 1988-ஆம் ஆண்டின் தேசிய வனக்கொள்கை உரைத்தது. நம் தமிழகத்திலோ, கரும்புச் சக்கையை முதன்மையாகக் கொண்டு காகிதம் செய்யும் அரசு நிறுவனம் 1979-லேயே தோன்றிவிட்டது. அதன் ஆலை கரூரை அடுத்த காகிதபுரத்தில் அமைந்தது.

மலிவாகக் கிடைத்ததை மதியாது அழித்தமையே இவ்வரலாறு. ஆதலின், நம் பிள்ளைகள் ஒரு தாளின் இரு பக்கமும் எழுதப் பழகட்டும். அது சிக்கனம் மட்டுமன்று. கானகத்திற்கு நாம் செலுத்தும் நன்றியுமாகும்.