கோடரிக் காலமும் செயின் சோக் காலமும்

எங்கட மாவட்டத்தில காடு பற்றி யார் கதை தொடங்கினாலும் இரண்டாவது வசனத்துக்குள்ள செயின் சோ வந்துவிடும். கந்தளாய்ப் பக்கமோ கோமரங்கடவலப் பக்கமோ ஒரு துண்டுக் காடு மொட்டையானால், குற்றவாளி அந்த மெசின்தான். அரசாங்கமும் அப்படித்தான் நினைக்கிறது போல. 2019இன் தொடக்கத்தில் நாட்டில் உள்ள செயின் சோ எல்லாவற்றையும் பக்கத்துப் பொலிஸ் நிலையத்தில் பதிவு செய்யச் சொன்னார்கள். அதே ஆண்டு அப்போதைய சனாதிபதி மைத்திரிபால சிறிசேன இறக்குமதியையே நிறுத்தப் போவதாகவும் அறிவித்தார்.

சரி, மெசின் வருவதற்கு முந்தி எங்கட காடு பத்திரமாக இருந்ததா?

இந்த ஊர்ப் பெயரிலேயே ஒரு மரம் இருக்கு. சவண்டலை. சிங்களத்தில் ஹல்மில்ல. மர வியாபாரிகளின் ஆங்கிலத்தில் அதற்குப் பெயரே ‘திருகோணமலை மரம்’தான். ரொக்ஸ்பரோ என்ற தாவரவியலாளர் மதராஸில் இருந்த அன்ட்ரூ பெரி என்ற வைத்தியரின் பெயரால் அதற்கு ‘பெரியா’ எண்டு பெயர் வைத்தார். (தமிழில் வாசிக்கும்போது பெரிய மரம் எண்டுதான் விளங்கும். அதுவும் பொருத்தம்தான்.) 1859இல் வந்த எமர்சன் டெனன்டின் ‘சிலோன்’ நூல், மதராஸ் கரையின் பொல்லாத அலையைத் தாங்கும் மசூலாப் படகுகள் இந்த மரத்தால் செய்யப்பட்டதாகச் சொல்கிறது. வளையும், உடையாது, தண்ணீரில் சீக்கிரம் உக்காது. பீப்பாய்க்கும் வண்டிக்கும் இதைத்தான் தேடினார்கள். இதோடு முதிரையும் கருங்காலியும் இங்கிருந்து கப்பலேறின.

ஒரு வேடிக்கை: ‘எச்.எம்.எஸ். டிரிங்கமலி’ எண்டு பிரிட்டிஷ் கடற்படைக் கப்பல் ஒன்று இருந்தது. இப்பவும் இங்கிலாந்தின் ஹார்ட்ல்பூலில் அருங்காட்சியகமாக மிதக்குது. 1817இல் பம்பாயில் வாடியா குடும்பத்தார் மலபார்த் தேக்கில் கட்டிய கப்பல் அது. எங்கட பெயர் கப்பலில், எங்கட மரம் மதராஸ் படகில்.

அந்த மரமெல்லாம் கோடரியாலும் ஈராள் வாளாலும் விழுந்தவை. மரத்தைச் சாய்த்து, குழிக்கு மேலே குற்றியை ஏற்றி, மேலே ஒராள் கீழே ஒராள் நின்று நாள் கணக்கில் அரிவார்கள். கீழே நிற்பவர் கண்ணெல்லாம் மரத்தூள். இவ்வளவு மெதுவான வேலையாலேயே நல்ல மரம் குறைந்துகொண்டு போனது. பிரிட்டிஷ்காரர் 1885இல் காட்டுச் சட்டம் போட்டு, 1887இல் காட்டுக்கு ஒரு திணைக்களமே அமைத்தார்கள். செயின் சோ அப்போது கனவிலும் இல்லை.

பொதுவாகச் சொல்லப்படும் கணக்கைப் பாருங்கள். இலங்கையின் நிலத்தில் காடு 1881இல் 84 சதவீதம். 1956இல் 44. 2010இல் 29.7. முதல் 75 வருசத்தில் 40 புள்ளி போயிருக்கு. அடுத்த 54 வருசத்தில் 14 புள்ளி. ஒராள் தூக்கக்கூடிய பெற்றோல் செயின் சோ உலகத்தில் பரவத் தொடங்கியது 1950ஐ ஒட்டித்தான். அப்படியெண்டால் பெரிய அழிவு மெசினுக்கு முந்தியது. மலையில் கோப்பியும் தேயிலையும், கீழே வயலும் குடியேற்றத் திட்டங்களும். அல்லையும் கந்தளாயும் எப்படி வயலானது எண்டு எங்கட பக்கத்துப் பெரியாக்களிடம் கேட்டால் போதும். 1881 கணக்கு ஒரு மதிப்பீடுதான், பத்துப் புள்ளி கூடக் குறைய வைத்துப் பார்த்தாலும் கதை மாறாது.

ஆனால் இதை வைத்து ‘மெசினில் பிழையில்லை’ எண்டு முடித்துவிட ஏலாது. அதுக்கு மெசினையே கொஞ்சம் கிட்டப் பார்க்க வேணும்.

1927இல் ஜேர்மனியில் எமில் லெர்ப் பெற்றோல் செயின் சோ ஒன்றை டொல்மர் என்ற மலையில் ஓட்டிக் காட்டினார். எடை 58 கிலோ. அன்ட்ரியாஸ் ஸ்டீல் 1929இல் கொண்டுவந்த பெற்றோல் மெசின் 46 கிலோ. இரண்டு பேர் சேர்ந்துதான் தூக்கலாம். 1950இல் ஸ்டீல் கொம்பனி ஒராள் மெசினை 16 கிலோவில் செய்தது. 1959இல் ‘கொன்ட்ரா’ 12 கிலோ. இதற்கிடையில் அமெரிக்காவின் ஒரேகனில் ஜோசப் கொக்ஸ் என்ற மரவெட்டி, வண்டுப் புழு ஒன்று கட்டையை இடமும் வலமுமாக அரித்துத் தின்பதைக் கவனித்து, அதே மாதிரிப் பல் வைத்த சங்கிலியை 1947இல் செய்தார். இன்றைக்கு கிண்ணியாவிலும் மூதூரிலும் ஓடுற சங்கிலி அந்தப் புழுவின் வாய்தான்.

இப்ப அளவுகள். சின்ன மெசின் 30 சிசி அளவு, நாலு கிலோவுக்குக் கிட்ட. கொப்பு வெட்டவும் விறகுக்கும் சரி. நடுத்தரம் 70 சிசி சொச்சம், ஆறேழு கிலோ. மரம் சாய்க்க இதுவே தாராளம். அதற்கு மேலே ஸ்டீல் 070. 105 சிசி. 1960களின் வடிவம். அதிர்வைக் குறைக்கும் அமைப்பும் இல்லை, சங்கிலியை நிறுத்தும் பிரேக்கும் இல்லை. பணக்கார நாடுகள் கைவிட்ட பிறகும் ஆசியாவிலும் தென்னமெரிக்காவிலும் ஓடுது. சீன நகல்களும் மலிவு.

பழசாக இருந்தும் ஏன் விடுகிறார்கள் இல்லை? வேகம் குறைவு, இழுவை அதிகம். பாலை மாதிரித் தண்ணீரில் தாழும் மரத்துக்குள்ள நீளமான பார் முழுக்கப் போனாலும் இஞ்சின் திணறாது. முக்கியமாக, அதால காட்டுக்குள்ளேயே பலகை அரியலாம். சாதாரணச் சங்கிலியின் பல் 30 பாகை சரிவில் அராவப்பட்டிருக்கும். அது மரத்தைக் குறுக்கே வெட்ட. அதையே 10 பாகைக்கு அராவினால் நார் வழியே நீளத்துக்கு அரியும். நீளப் பாருக்கு இடையிடையே பல் விட்ட சங்கிலி போட்டால் தூள் அடைபடாது. பல்லுக்கு முன்னால் ஆழத்தைக் கட்டுப்படுத்தும் சின்ன மேடு ஒன்று இருக்கும். சிலர் அதைக் கூட அராவித் தள்ளுவார்கள். கடி பெரிசாகும், அதோட மெசின் முகத்துக்கு நேரே எகிறும் அபாயமும் பெரிசாகும். சைலன்சரைத் திறந்துவிடுகிற வேலையும் உண்டு. பலம் கொஞ்சம் கூடும். கார்ப்பரேட்டரைச் சரியாக்காமல் விட்டால் பிஸ்டன் இறுகும். காது எப்படியும் போகும்.

என்னைக் கேட்டால் பெரிய மாற்றம் வேகம் இல்லை, இந்தப் பலகை அரிகிற வேலைதான். முழுக் குற்றியை வெளியே கொண்டுவர லொறி வேணும், பாதை வேணும், பேர்மிட் வேணும். பலகையாக்கிவிட்டால் உழவு மெசின் பெட்டியே போதும். ஈராள் வாளால் காட்டுக்குள் குழி தோண்டி நாள் கணக்கில் இருந்தால் ஊருக்கே தெரியும். இப்ப அரை நாளில் இடத்தைக் காலி பண்ணலாம்.

நட்டத்தையும் கணக்குப் போடுங்கள். கை வாள் ஒரு வெட்டுக்குத் தின்பது மூன்று நாலு மில்லிமீற்றர். செயின் சோ கிட்டத்தட்ட ஒன்பது. பத்து வெட்டுக்கு 90 மில்லிமீற்றர். அதாவது ஒரு அங்குலப் பலகையில் மூன்றுக்கு மேல் தூளாகப் போகுது. நூறு வருசம் நின்ற முதிரையில் அவ்வளவு தூள்.

தூளாகிறது மரம் மட்டுமில்லை. அதிர்வைக் குறைக்காத மெசினை வருசக் கணக்கில் பிடிக்கிறவரின் விரல்களில் இரத்த ஓட்டம் கெடும், விரல் வெளுத்து மரத்துப் போகும். 58 கிலோ மெசினைத் தூக்க இரண்டு பேர் நின்றார்கள். இப்ப ஒராள், பெரும்பாலும் நாட்கூலிக்கு. பொலிஸ் பதிவுப் புத்தகத்தில் ஏறுவது மெசின் சொந்தக்காரரின் பெயர், பிடிபடும்போது காட்டுக்குள் நிற்பது கூலிக்காரர். பலகையை வாங்குகிற மரக்காலைக்காரர் இரண்டு இடத்திலும் இல்லை.

1951ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் பலா, ஈரப்பலா, பெண் பனை ஆகியவற்றை வெட்டுவதைக் கட்டுப்படுத்தியது. எதால வெட்டினாய் எண்டு அந்தச் சட்டம் கேட்கவில்லை, எந்த மரம் எண்டு மட்டும்தான் கேட்டது. சாப்பாடு தருகிற மரங்கள் எண்டபடியால் அந்த வரிசையில் சவண்டலைக்கு இடம் இருக்கவில்லை. 2019இல் கேள்வி மெசினின் இலக்கமாகிவிட்டது. பதிவு செய்யப்பட்ட 070ஆல் பாலையை அரிந்தாலும், பதிவில்லாத 30 சிசியால் வீட்டு வேலியில் கொப்பு வெட்டினாலும், முதலில் மாட்டுப்படுவது இரண்டாவது ஆள்தான்.