ராக்கெட் நெருப்பைத் தாங்கும் பிசின்... பழைய பேக்லைட்டில் போரானைச் சேர்ப்பது ஏன்?

திட எரிபொருள் ராக்கெட்டின் நாசிலில், இரும்பு உருகும் 1,538 டிகிரி செல்சியஸையும் தாண்டிய வாயு சீறிப் பாயும். அங்கே உள்பக்கம் காவலுக்கு இருப்பது ஒரு பிளாஸ்டிக் என்றால் நம்புவீர்களா?

பழைய ஸ்விட்ச், குக்கர் கைப்பிடியில் பார்த்த பேக்லைட்தான் அது. 1907-ல் லியோ பேக்லேண்ட் உருவாக்கிய ஃபீனாலிக் பிசின். கார்பன் துணியில் இதை ஊறவைத்து, அடுக்கடுக்காகச் சுற்றி, சூட்டில் இறுக வைப்பார்கள்.

எரிஞ்சு போகாதா? மேல்புறம் கருகும், அதுதான் விஷயமே! அந்தக் கரி அடுத்த அடுக்குக்கு வெப்பத்தை எளிதில் விடாது.

சிக்கல் என்னன்னா, பிசின் இறுகும்போது வெளியேறும் நீராவி நுண்ணிய ஓட்டைகளை விட்டுப்போகும். கரியும் ஆக்ஸிஜன் பட்டால் எரிந்து தேயும். நெருப்பு உள்ளே புகுந்தால் ராக்கெட்டே காலி.

அதனால்தான் போரிக் அமிலத்தைப் பிசினுடன் வினைபுரிய வைக்கிறார்கள். போரான்-ஆக்ஸிஜன் பிணைப்பு ரொம்ப உறுதியானது. சூட்டில் போரான் ஆக்சைடு கண்ணாடிபோல் உருகி, கரியை மூடிக்கொள்ளும். ஆனால் ஈரம் பட்டால் அந்தப் பிணைப்பு அறுந்துவிடும் என்பது இதன் பலவீனம்.

ஓட்டைக்கு வேறு வழி: நீராவியே வெளிவராமல் இறுகும் புரோபார்ஜில் ஈதர் வகைப் பிசின். திருவனந்தபுரத்தில் இஸ்ரோவின் விக்ரம் சாராபாய் மையம் இதை ஆராய்ந்திருக்கிறது.