கேரவன் பேட்டரி மானிட்டர்

கேரவன் பேட்டரி மானிட்டர் என்பது, பயண வண்டிக்குள் விளக்கு, மின்விசிறி, குளிர்பெட்டி ஆகியவற்றை ஓட்டும் துணை பேட்டரியில் எவ்வளவு மின்னூட்டம் மிச்சம் இருக்கிறது என்று காட்டும் கருவி. இன்ஜினைக் கிளப்பும் பேட்டரியை இது அளப்பதில்லை. கடையில் விற்கும் மானிட்டரை வாங்கலாம். மின்னணுவியலில் கைப்பழக்கம் உள்ளவர்கள் சில பாகங்களைக் கொண்டு தாங்களே செய்துகொள்வதும் உண்டு.

தமிழ்நாட்டில் கேரவன் என்றதும் படப்பிடிப்பில் நிற்கும் வேன்தான் நினைவுக்கு வரும். காருக்குப் பின்னால் மாட்டி இழுக்கும் வகை இங்கே அரிது. வேன் அல்லது பஸ் சேஸியின் மேல் பாடி கட்டுவதே வழக்கம். மின்கட்டமைப்பில் இரண்டுக்கும் பெரிய வேறுபாடு இல்லை. 12 வோல்ட் பேட்டரி (பெரிய வண்டியில் 24), கூரையில் சோலார் பலகை, தேவைப்பட்டால் ஒரு இன்வெர்ட்டர்.

ஓசூர், கிருஷ்ணகிரி வட்டாரம்

இந்தக் கருவியின் தொழில்நுட்பம் ஓசூர்ப் பக்கம் புதிதல்ல. எக்சைடு நிறுவனத்தின் ஈய-அமில பேட்டரி ஆலை ஓசூரை ஒட்டி இயங்குகிறது. 2020 ஜனவரியில் அறிமுகமான டிவிஎஸ் ஐக்யூப் மின்ஸ்கூட்டர் ஓசூரில் தயாராகிறது. ஏத்தர் 2021இல் ஓசூருக்கு வந்தது. போச்சம்பள்ளியில் ஓலா 500 ஏக்கரில் ஆலை எழுப்பியது. சூளகிரியில் சிம்பிள் எனர்ஜி இருக்கிறது. இம்மூன்றும் மின்ஸ்கூட்டர் நிறுவனங்களே. இந்த ஸ்கூட்டர்கள் ஒவ்வொன்றின் பேட்டரிப் பெட்டிக்குள்ளும் மின்னூட்டத்தை எண்ணும் பலகை ஒன்று உண்டு. ஆனால் பழைய ஸ்கூட்டரிலிருந்து அதைக் கழற்றி கேரவனில் பொருத்த நினைப்பது வீண் வேலை. அது 50 வோல்ட்டை ஒட்டிய பேட்டரிக்காக அமைந்தது, மென்பொருளும் பூட்டப்பட்டிருக்கும். தனியாகச் செய்வதே எளிது. ஓசூர்க்காரருக்கு உதிரிபாகம் வாங்க சென்னை ரிச்சி தெருவைவிட பெங்களூரு எஸ்.பி. ரோடு பக்கம், சுமார் 40 கிலோமீட்டர்தான்.

வோல்ட் மீட்டர் ஏன் போதாது

12 வோல்ட் ஈய-அமில பேட்டரி ஓய்வில் இருக்கும்போது சுமார் 12.7 வோல்ட் காட்டினால் முழுமை, 12.2 காட்டினால் பாதி. ஓய்வு என்றால் சில மணி நேரம் ஏற்றமும் இறக்கமும் இல்லாமல் விடுவது. குளிர்பெட்டி ஓடும்போது வோல்ட் தாழும், வெயிலில் சோலார் ஏற்றும்போது உயரும்; வண்டியில் தங்கியிருப்பவருக்கு ஓய்வு நிலை வாய்ப்பதே இல்லை. நான்கு செல் லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரியில் நிலைமை இன்னும் மோசம். பெரும்பகுதி நேரம் அது 13.0 முதல் 13.3 வரைக்குள்ளேயே நிற்கும். 80 சதவீதமும் 40 சதவீதமும் மீட்டரில் ஏறக்குறைய ஒன்றுபோல் தெரியும். வோல்ட் சரியத் தொடங்கும்போது பேட்டரி காலியாகும் நிலைக்கு வந்திருக்கும்.

எண்ணும் முறை

ஆகவே உள்ளே போவதையும் வெளியே வருவதையும் ஆம்பியர்-மணியில் எண்ண வேண்டும். இதற்கு ஷன்ட் என்ற மிகக் குறைந்த மின்தடை நெகட்டிவ் கம்பியில் சேர்க்கப்படுகிறது. 100 ஆம்பியர், 75 மில்லிவோல்ட் ஷன்ட்டின் மின்தடை 0.75 மில்லிஓம். அதில் எழும் சிறு வோல்ட்டை ஐஎன்ஏ226 சில்லு அளக்கிறது. ஈஎஸ்பி32 போன்ற மைக்ரோகன்ட்ரோலர் அதைக் கணக்கிட்டுத் திரையிலோ கைப்பேசியிலோ காட்டுகிறது. கடைகளில் எளிதாகக் கிடைக்கும் ஏசிஎஸ்712 ஹால் சென்சாரின் பூஜ்யப் புள்ளி வெப்பத்தோடு நகர்வதால், இரவில் ஓடும் சிறு மின்னோட்டத்தை அது சரியாகப் பிடிக்காது. ஐஎன்ஏ219 26 வோல்ட்டுக்கு மேல் தாங்காது. 24 வோல்ட் வண்டி சார்ஜ் ஆகும்போது 28ஐத் தாண்டிவிடும். 36 வோல்ட் வரை அளக்கும் ஐஎன்ஏ226ஐத் தேர்ந்தெடுக்க இதுவே காரணம்.

அளவு பெரிய ஷன்ட் பாதுகாப்பானது, ஆனால் துல்லியம் குறையும். 1,000 வாட் இன்வெர்ட்டர் 12 வோல்ட்டில் 90 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். 100 ஆம்பியர் ஷன்ட்டைத் தொடர்ந்து அந்த எல்லையில் ஓட்டினால் சூடேறும். 200 ஆம்பியர் ஷன்ட் போட்டால் ஐஎன்ஏ226இன் 10 மைக்ரோவோல்ட் வரையிலான பூஜ்யப் பிழை கிட்டத்தட்ட 27 மில்லிஆம்பியராகத் தெரியும். ஒரு நாளில் அது 0.64 ஆம்பியர்-மணி, ஒரு மாதத்தில் 19. அதனால் பேட்டரி முழுதாக நிரம்பும் ஒவ்வொரு முறையும் கணக்கை 100 சதவீதத்துக்குத் திருப்பும்படி நிரல் எழுதுவார்கள். இதைச் செய்யாத மானிட்டர் சில வாரங்களில் பொய் சொல்லும்.

ஈய-அமில பேட்டரிக்கு இன்னொரு திருத்தமும் தேவை. 100 ஆம்பியர்-மணி என்று பெயரெழுதிய பேட்டரி, 20 மணி நேரக் கணக்கில் 5 ஆம்பியர் எடுத்தால்தான் அந்த அளவைத் தரும். வேகமாக எடுத்தால் குறைவாகவே கிடைக்கும். இந்த உறவை 1897இல் ஜெர்மானியர் வில்ஹெல்ம் பாய்கெர்ட் சூத்திரமாக்கினார். ஏற்றும்போது ஒரு பகுதி வீணாவதையும் கழிக்க வேண்டும். லித்தியத்தில் இரண்டுமே புறக்கணிக்கத்தக்கவை.

பொருத்துதல்

பெரும்பாலான கோளாறுகள் வயரிங்கில்தான் வருகின்றன. ஷன்ட்டின் ஒரு பக்கம் பேட்டரியின் நெகட்டிவ் முனை மட்டும் இருக்க வேண்டும். சேஸி எர்த், சோலார், இன்வெர்ட்டர் எல்லாமே மறுபக்கம். சோலார் கம்பியை நேராக பேட்டரி முனையில் முறுக்கிவிட்டால், ஏறிய மின்சாரம் கணக்கில் வராது. பாசிட்டிவ் முனையிலிருந்து சில்லுக்கு வரும் மெல்லிய கம்பியில் 1 ஆம்பியர் ஃபியூஸ் கட்டாயம். ஆல்டர்னேட்டரின் திடீர் உயர் வோல்ட் சில்லை எரித்துவிடும் என்பதால் அதைத் தடுக்கும் டையோடும் வேண்டும். எண்ணிக்கையை ஃபிளாஷ் நினைவகத்தில் ஒவ்வொரு நொடியும் எழுதினால் அது தேய்ந்துபோகும். சில நிமிடங்களுக்கு ஒருமுறை போதும்.

மேலைநாட்டு வரைபடங்களில், உறைகுளிரில் லித்தியம் பேட்டரியைச் சார்ஜ் ஆகாமல் தடுக்கும் பகுதி முக்கிய இடம் பிடிக்கும். ஊட்டியின் சில உறைபனி இரவுகளைத் தவிர, இங்கே அதற்கு வேலையில்லை. சுமார் 900 மீட்டர் உயரத்திலுள்ள ஓசூரிலிருந்து கிருஷ்ணகிரிக்கு இறங்கும் கோடை வண்டியில் கவனிக்க வேண்டியது வெப்பத்தை. ஈய-அமில பேட்டரியின் ஆயுள் ஒவ்வொரு 10 டிகிரி ஏற்றத்துக்கும் ஏறக்குறைய பாதியாகும்.

வரம்பு

மானிட்டர் எண்ணிக் காட்டும், காப்பாற்றாது. செல்களைத் துண்டித்துக் காக்கும் வேலை பிஎம்எஸ் எனப்படும் பேட்டரி மேலாண்மை அமைப்புடையது. லித்தியம் பேட்டரிக்கு அது தனியாக இருந்தே தீர வேண்டும். குளிர்பெட்டி, விளக்கு, சிறு இன்வெர்ட்டர் உள்ள 12 வோல்ட் வண்டிக்குக் கையால் செய்தது போதுமானது. ஏசி ஓட்டும் அளவுக்குப் பெரிய இன்வெர்ட்டர் இருந்தால், 500 ஆம்பியர் ஷன்ட்டோடு வரும் விக்ட்ரான் போன்ற தயார்நிலை மானிட்டரை வாங்குவதே சரி.