"தண்டத்தைக் கட்டி முடிப்பம்" என்பதற்கு முன்...

எங்கள் ஊரில் பதினேழு வயதுப் பையன் ஒருவன் மலிவாகக் கைத்தொலைபேசி வாங்கினான். அது களவுபோன பொருள். தகப்பனைப் போரில் இழந்த குடும்பம். "குற்றத்தை ஒப்புக்கொண்டு தண்டத்தைக் கட்டி முடிப்பம் அண்ணை" என்றார் தாய். பொறுங்கள் என்றேன்.

இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவைப்படி களவுக்கு மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது தண்டப்பணம், அல்லது இரண்டும். களவுப் பொருளென்று தெரிந்தோ, நம்பக் காரணமிருந்தோ வாங்கினாலும் அதே தண்டனை. 2018 திருத்தத்தின் பின் 12 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளை செய்தது குற்றமாகாது. 12 முதல் 14 வரை, பிள்ளையின் முதிர்ச்சியைப் பார்த்து நீதவான் தீர்மானிப்பார்.

குற்றத்தை ஒப்புக்கொண்டால் அது பதிவாகும். நாளை வெளிநாட்டு வேலைக்குப் பொலிஸ் சான்றிதழ் கேட்கும்போது அது முன்னே வந்து நிற்கும். ஆனால் முதல் தவறென்றால், வயதையும் சூழ்நிலையையும் பார்த்து, குற்றத்தீர்ப்பு வழங்காமலே நிபந்தனையுடன் விடுவிக்க நீதவானுக்கு அதிகாரமுண்டு. நன்னடத்தை மேற்பார்வையிலும் விடலாம். அதைக் கேட்க ஒரு சட்டத்தரணி வேண்டும்.

வசதியற்றோருக்குச் சட்ட உதவி ஆணைக்குழு இலவசமாக உதவுகிறது. முதலில் அங்கே போங்கள். விளங்காத மொழியில் எழுதிய வாக்குமூலத்தில் பிள்ளையைக் கையெழுத்திட விடாதீர்கள்.