பெயரில் தேடும்போது கிடைப்பவை: 1868 சேனாவரையப் பதிப்பை முன்வைத்து

மின்னூலகத்தில் ஒருவரின் பெயரை இட்டுத் தேடி, வரும் பதிவுகளை எண்ணி, அந்த எண்ணிக்கையையே அவருடைய பதிப்புப் பணியின் அளவாகக் கொள்ளும் போக்கு தமிழ்ப் பதிப்பியல் ஆய்வில் வலுத்துவருகிறது. இப்போக்கினர் கிடைத்தவற்றை இரண்டாகப் பிரிக்கின்றனர். 'ஆசிரியர்' என்னும் புலத்தில் பெயர் வருபவை அவருடைய ஆக்கங்கள். ஏனையவை கழிக்கத்தக்க இரைச்சல். இந்தப் பிரிப்பு தவறானது என்பதே இக்கட்டுரையின் வாதம். பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தமிழ் நூல் ஒன்றில் ஒரு பெயர் நிற்கும்போது அது ஒரு பொறுப்போடு நிற்கிறது. பொறுப்பை உதறிவிட்டுப் பெயரை மட்டும் எண்ணும் ஆய்வு, பட்டியலாளர் செய்த தேர்வை வரலாறாக மாற்றிவிடுகிறது. 1868இல் வெளிவந்த தொல்காப்பியச் சொல்லதிகாரச் சேனாவரையர் உரைப் பதிப்பு இதற்குத் தக்க சான்று. ஆறுமுக நாவலர் பரிசோதிக்க, சி. வை. தாமோதரம்பிள்ளை பதிப்பித்த நூல் அது.

1

நூலகம் நிறுவனத்தின் மின்னூலகம், தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம், இன்டர்நெட் ஆர்க்கைவ் ஆகியவற்றில் நாவலரின் பெயரைத் தேடுபவருக்குக் கிடைப்பவை ஒரே இனத்தைச் சேர்ந்தவை அல்ல. அவர் எழுதிய பாலபாடங்களும் வசன நூல்களும் உண்டு. அவர் பதிப்பித்தவை உண்டு. 1879இல் அவர் மறைந்த பிறகு பிறர் கைபட்டு வந்த மறுபதிப்புகள் உண்டு. இராமலிங்க அடிகளின் பாடல்களை அருட்பா எனலாமா என்று எழுந்த அருட்பா விவகாரத்தில் இரு தரப்பாரும் எழுதிக் குவித்த கண்டனங்களும் மறுப்புகளும் உண்டு. வாழ்க்கை வரலாறுகள், நினைவு மலர்கள், பாடசாலை ஆண்டு மலர்கள், பத்திரிகைப் பத்திகள் என்று வரிசை நீள்கிறது. தாமோதரம்பிள்ளையைத் தேடினால் அவருடைய பதிப்புகளோடு, அவர் எழுதிய பதிப்புரைகளைத் தொகுத்து 1971இல் வெளிவந்த 'தாமோதரம்' நூலும் கிடைக்கும். யாழ்ப்பாணத்தில் இறந்தவரின் நினைவாக அச்சிடும் 'கல்வெட்டு' எனப்படும் சிறு நூல்களில் அதே பெயருடைய வேறு பலரும் தென்படுவர்.

கடைசியாகச் சொன்னவை நம் நோக்கத்துக்குப் பயன்படாதவை; அவற்றைக் கழிப்பதில் எமக்கும் உடன்பாடே. ஆனால் ஒருவர் பரிசோதித்த நூல், சாற்றுகவி கொடுத்த நூல், பொருளுதவி செய்த நூல் ஆகியவற்றை அக்கல்வெட்டுகளோடு சேர்த்து ஒரே கூடையில் தள்ளுவதை ஏற்க இயலாது. புலமைக் குழாம் எப்படி இயங்கியது என்பதற்கு இவையே நேர்ச்சான்று.

2

தேடும் கருவி நடுநிலையானது என்ற நம்பிக்கையையும் இங்கே சோதிக்க வேண்டும். எழுத்துச் சரத்தை அப்படியே ஒப்பிடும் தேடலில் 'நாவலர்' என்று இட்டால், 'நாவலரவர்களால்' என்று அச்சான இடம் அகப்படாது. புணர்ச்சியில் ரகர மெய் உயிர்மெய்யாகிப் புள்ளி மறைந்துவிடுகிறது. கணினிக்கு இரண்டும் வேறு வேறு சரங்கள். 'நாவலரால்', 'நாவலருடைய' ஆகியவற்றின் நிலையும் இதுவே. 'தாமோதரம்பிள்ளை' ஐகாரத்தில் முடிவதால் 'தாமோதரம்பிள்ளையவர்களால்' என்பதற்குள்ளும் முழுமையாக நிற்கிறது. எனவே பிழையின்றி எழுத்துருவாக்கப்பட்ட ஒரே பக்கத்தில் இருவர் பெயரும் ஒரே வேற்றுமையில் வந்தாலும், ஒருவர் அகப்படுவார், மற்றவர் தப்பிவிடுவார்.

ஒளிப்படத்திலிருந்து கணினி தானே படித்தெடுத்த பாடத்திலோ நிலைமை தலைகீழாகலாம். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்திய அச்சில் ணை, லை, ளை, னை ஆகியவற்றின் ஐகாரம் முன்னே வளைந்த கொம்பாக எழுத்தோடு ஒட்டி நிற்கும். இன்றைய வடிவங்களில் பழக்கப்பட்ட எழுத்துணரி அதைத் தவறாகப் படித்தால் 'பிள்ளை' சிதையும், 'நாவலர' பிழைத்துக்கொள்ளும். பழைய முகப்பேடுகளில் நீண்ட பெயர் இரண்டு வரிகளில் முறிந்து கிடப்பது மற்றொரு தடை. மெய்யில் முடியும் பெயரை இறுதிப் புள்ளியின்றி 'நாவலர' என்று இட்டும், 'பிள்ளை' என்பதை விட்டு 'தாமோதர' என்று மட்டும் இட்டும் தேடுவது ஓரளவு கைகொடுக்கும். ஆனால் எண்ணிக்கையை ஆதாரமாகக் கொண்ட ஆய்வுகள் எந்தச் சரத்தை எந்தப் புலத்தில் தேடின என்பதைத் தெரிவிக்காதவரை அந்த எண்களைச் சரிபார்க்க வழியில்லை.

சில நூறு பதிவுகள் சேர்ந்தால் இத்தகைய பிழைகள் ஒன்றையொன்று ஈடுசெய்துவிடும் என்பர். ஈடுசெய்யா. தற்செயலாக நேரும் பிழைதான் சராசரியில் கரையும். பெயரின் ஈற்றெழுத்தால் விளையும் பிழை ஒரே பக்கமாகச் சாய்ந்துகொண்டே போகும்.

3

இனி 1868 பதிப்புக்கு வருவோம். இந்நூல் குறித்து இரண்டு நிலைப்பாடுகள் நிலவுகின்றன. ஒரு சாரார் இதை நாவலர் பதிப்பு என்று கொண்டு, தாமோதரம்பிள்ளையை வெளியிட உதவியவராக மட்டும் காண்கின்றனர். இவர்கள் கணக்கில் தாமோதரம்பிள்ளையின் பெரும் பதிப்புப் பணி 1881இல் வீரசோழியத்தோடு தொடங்குகிறது. மறு சாரார் இதைத் தாமோதரம்பிள்ளையின் தொல்காப்பியப் பணிக்கு முதற்படியாக வைத்து, நாவலரின் பங்கை மரியாதைக் குறிப்பாகச் சுருக்குகின்றனர். எதிரெதிராகத் தோன்றினாலும் ஒரு நூலுக்கு ஒரே உரிமையாளர்தான் இருக்க முடியும் என்ற எடுகோள் இரண்டுக்கும் பொது. ஆசிரியர் புலத்தில் ஒரு பெயரை மட்டும் ஏற்கும் பட்டியல் அந்த எடுகோளுக்குச் சான்றுபோல் நின்றுவிடுகிறது.

முதல் நிலைப்பாட்டை எடுத்துக்கொள்வோம். 1868இல் தாமோதரம்பிள்ளை பதிப்புக்குப் புதியவர் அல்லர். 1850களிலேயே நீதிநெறி விளக்கத்தைப் பதிப்பித்தவர். பெர்சிவல் பாதிரியாரின் தினவர்த்தமானி இதழில் பணியாற்றியவர். சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகளில் ஒருவர். அச்சுக்கூடமும் மெய்ப்பும் அவருக்குப் பழகியவை. அவரைப் பணம் கொடுத்தவராக மட்டும் காண்பதற்கு, பட்டியலில் அவர் பெயர் இரண்டாம் இடத்துக்குப் போனதைத் தவிர வேறு காரணம் எமக்குப் புலப்படவில்லை.

நாவலரின் வழக்கமான வெளியீட்டு முறையையும் நினைவில் கொள்ள வேண்டும். சென்னையில் அச்சியந்திரம் வாங்கிச் சென்று வண்ணார்பண்ணையில் வித்தியாநுபாலன யந்திரசாலையை நிறுவியவர் அவர். 1861இல் திருக்குறள் பரிமேலழகர் உரையைத் தாமே பரிசோதித்துப் பதிப்பித்தவர். அத்தகையவர் ஒரு நூலில் பரிசோதகராக மட்டும் நின்று, பதிப்பிக்கும் பொறுப்பைத் தம்மினும் பத்து வயது இளையவரிடம் விட்டிருக்கிறார். இது அறிந்தே செய்த பகிர்வு என்று கொள்வதே பொருந்தும்.

இன்னும் வலுவான சான்று தாமோதரம்பிள்ளையின் பிற்காலப் பதிப்பு வரிசையில் இருக்கிறது. 1885இல் பொருளதிகாரம், 1891இல் எழுத்ததிகார நச்சினார்க்கினியம், 1892இல் சொல்லதிகார நச்சினார்க்கினியம் என்று தொல்காப்பியத்தை அதிகாரம் அதிகாரமாக அவர் முடித்தார். சொல்லதிகாரத்துக்குத் திரும்பியபோது கையிலெடுத்தது வேறோர் உரை. சேனாவரையம் முன்னமே முடிந்த வேலையென அவர் கருதியிருந்தால்தான் இந்தத் தேர்வு விளங்கும். 1868ஐ இவ்வரிசையிலிருந்து எடுத்துவிட்டால், 1850களுக்கும் 1881க்கும் நடுவே பெரும் வெற்றிடம் தோன்றும். அந்த வெற்றிடத்தை விளக்க நாவலரின் மறைவு, பணி ஓய்வு என்று காரணங்களை அடுக்க வேண்டிவரும். அந்த வெற்றிடத்தில் பெரும்பகுதி பட்டியல் உண்டாக்கியது என்பது எம் கருத்து. 1892 தேர்வுக்கு ஏடு கிடைத்த நிலை போன்ற வேறு காரணங்களும் இருந்திருக்கலாம் என்பதால், இந்தச் சான்றை மட்டும் கொண்டு முடிந்த முடிபாகச் சொல்லவில்லை. ஆயினும் மேலே சொன்னவற்றோடு சேர்த்துப் பார்க்கையில் வேறு முடிவுக்கு வர எம்மால் இயலவில்லை.

மறு நிலைப்பாடும் இதேபோல் வலுவற்றது. புகழ்பெற்ற புலவரின் பெயரை முகப்பில் இட்டு நூலுக்கு மதிப்புத் தேடுவது அக்கால வழக்கம், நாவலர் பெயரும் அவ்வகைதான் என்பது இவர்கள் வாதம். சாற்றுகவிகளைப் பொறுத்தவரை இது உண்மையாகலாம். நாவலரைப் பொறுத்தவரை ஏற்பதற்கில்லை. பிறர் நூல்களின் பிழைகளைக் கண்டித்து எழுதியவர் அவர். அருட்பா விவகாரத்தில் 1869இல் மஞ்சக்குப்பம் நீதிமன்றம் வரை சென்றவர். எதிரிகள் கண்கொத்திப் பாம்பாகக் காத்திருந்த அந்த ஆண்டுகளில், தாம் பாராத பாடத்துக்குத் தம் பெயரைக் கொடுத்திருப்பார் என்று நம்ப முடியாது. அதே 1868இல் கோமளபுரம் இராசகோபாலபிள்ளையின் சேனாவரையப் பதிப்பும் வெளிவந்தது. ஒரே உரைக்கு ஒரே ஆண்டில் இரண்டு பதிப்புகள் நிற்கையில், பாடத்துக்குப் பொறுப்பேற்றவர் யார் என்பது வாசகர் அறிய வேண்டிய செய்தியாகிறது. நாவலர் பெயர் அந்தச் செய்தியைத் தருகிறது.

ஆகவே 1868 சேனாவரையத்தில் பாடத்தின் பொறுப்பு ஒருவரிடமும், நூலை உருவாக்கி வெளிக்கொணர்ந்த பொறுப்பு மற்றவரிடமும் இருந்தன. ஏடுகளை ஒப்பிடுவதும், எதை எப்போது எப்படி அச்சிடுவது என்று முடிவெடுப்பதும் பிற்காலத்தில் தாமோதரம்பிள்ளையிடமே ஒன்றாகச் சேர்ந்தன. அவ்விரண்டும் பிரிந்திருந்து பின் ஒன்றான மாற்றமே பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பதிப்பு வரலாற்றின் நடுநாயகமான செய்தி. 1868 நூலை ஒருவர் கணக்கில் எழுதியதும் அந்தச் செய்தி கண்ணுக்குத் தெரியாமல் போய்விடுகிறது.

4

ஒவ்வொரு பெயரையும் அதன் பொறுப்போடு பதியும் நுணுக்கமான பட்டியல் பழைய நூல்களுக்கு நடைமுறையில் ஒவ்வாது என்ற மறுப்புக்கு 1868க்கு ஓராண்டு முன்னரே விடை இருக்கிறது. 1867ஆம் ஆண்டின் 25ஆம் சட்டம் பிரிட்டிஷ் இந்தியாவில் அச்சாகும் நூல்களைப் பதிவு செய்ய விதித்தது. நூலின் பெயர், மொழி, ஆசிரியர் அல்லது மொழிபெயர்ப்பாளர் அல்லது பதிப்பாசிரியர், அச்சிட்ட இடம், அச்சிட்டவரும் வெளியிட்டவரும், பக்கம், படிகளின் எண்ணிக்கை, விலை, பதிப்புரிமை உடையவரின் பெயரும் இருப்பிடமும் என்று அதன் பதிவேடு தனித்தனிப் பத்திகளாக விரிந்தது. கண்காணிப்புக்கு உதவிய சட்டம்தான் அது. ஆசிரியரையும் பதிப்பாசிரியரையும் ஒரே பத்தியில் அடைத்த குறையும் அதற்கு உண்டு. பரிசோதித்தவருக்கு அதில் இடமே இல்லை. ஆனால் வெளியிட்டவரையும் உரிமை உடையவரையும் அச்சிட்டவரையும் அது பிரித்தறிந்தது. கையால் எழுதிய பதிவேட்டில் முடிந்த பகுப்பு இன்றைய தரவுத்தளத்தில் முடியாது என்பது பொருந்தாத பேச்சு.

ஒரு பெயரின் பல எழுத்து வடிவங்களை ஒன்றாக்கும் பெயர்க் கோப்பு வந்தால் சிக்கல் தீரும் என்பாரும் உளர். 'தாமோதரம் பிள்ளை', 'தாமோதரம்பிள்ளை', 'சி.வை.தா.' மூன்றும் ஒருவரே என்று கணினிக்குக் கற்பிப்பது நல்லதே. ஆனால் அவர் அந்த நூலில் என்ன செய்தார் என்பதை அக்கோப்பு சொல்லாது. எழுத்து வடிவச் சிக்கலும் பொறுப்புச் சிக்கலும் வேறு வேறு.

செய்ய வேண்டியவை மூன்று. முகப்பேட்டின் வாசகம் முழுவதும், வரி முறிவு உட்பட, பட்டியல் பதிவில் இடம்பெற வேண்டும். முகப்பில் வரும் ஒவ்வொரு பெயரும் தனக்குரிய பொறுப்போடு தனித்தனியே பதிவாக வேண்டும். பெயர்த் தேடலின் எண்ணிக்கையைச் சான்றாகக் காட்டும் ஆய்வாளர், தாம் தேடிய சரத்தையும் புலத்தையும் நாளையும் அடிக்குறிப்பில் தர வேண்டும். முதல் இரண்டும் நூலகங்களின் பொறுப்பு. அவர்களிடம் ஆளும் பொருளும் குறைவு என்பதை அறிவோம். மூன்றாவது நம் பொறுப்பு. அதற்கு நேர்மை ஒன்றே போதும்.

அதுவரை 1868 சேனாவரையத்தை நாவலர் பட்டியலிலும் தாமோதரம்பிள்ளை பட்டியலிலும், பரிசோதித்தவர், பதிப்பித்தவர் என்ற குறிப்புகளோடு, இரண்டு இடத்திலும் எழுதுவதே முறை. எண்ணிக்கையில் ஒரு நூல் இருமுறை வருகிறதே என்று கவலைப்பட வேண்டியதில்லை. இருவர் உழைப்பால் வந்த நூல் இருவர் பெயரிலும் வருவதுதான் சரியான கணக்கு. அந்தக் கணக்குக்கு இடங்கொடாத பட்டியல்களைக் கொண்டு, தமிழ்ப் பதிப்பு வரலாற்றில் யார் முன்னோடி, யார் துணைவர் என்று தீர்ப்பு எழுதுவதை நிறுத்த வேண்டும்.